வினாத்தாள் ஒன்று, மொழி பல: தொழிலாளியின் மன பாரத்தை அளப்பது எப்படி?

ஆலுவா:

"வேலையில் விஷமம் உண்டோ?" என்று ஒரு மலையாள வினாத்தாளை வாய்விட்டு வாசித்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் மலையாளத் தொழிலாளி தம் மனக்குறைகளை எண்ணிப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் தமிழ்த் தொழிலாளியோ, "நான் ஒரு விஷமமும் செய்யவில்லையே!" என்று பதறுவார். ஒலி ஒன்றுதான், ஆனால் மலையாளத்தில் அது வருத்தம், தமிழில் அது குறும்பு. இருவர் பதிலையும் ஒரே பட்டியலில் எழுதிக் கூட்டிப் போட்டால் கிடைக்கும் தொகைக்கு என்ன பொருள்?

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல இது. வேலை தரும் மன உளைச்சலை வினாத்தாள் மூலம் அளக்கும் முறை உலகெங்கும் பரவி வருகிறது. கொச்சியைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவர் புனேயில் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதங்களில், 2024 ஜூலையில், காலமானார். அளவு மீறிய வேலைப் பளுவே காரணம் என்று அவருடைய தாயார் எழுதிய கடிதம் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரிப்பதாக அறிவித்தது. உத்தியோகம் ஆளைக் கொல்லுமா, கொல்லுமானால் அதை முன்கூட்டியே கண்டறிய வழி உண்டா என்ற கேள்வி அப்போது வீட்டுக்கு வீடு எழுந்தது.

முன்கூட்டிக் கண்டறிய நிபுணர்கள் காட்டும் வழிகளில் முக்கியமானது வினாத்தாள். அந்தத் தாள் எந்த மொழியில் இருக்கிறது, யார் அதைப் படித்துக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது கருவியாகவோ கண்துடைப்பாகவோ ஆகிறது. பிற மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழருக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு.

ஒரு ஊர், பல மொழி

பெரியாற்றங்கரையில் ஆலுவாவுக்கு அருகே ஏலூர், எடையாறு பகுதிகள் கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டையாகும். 1943இல் தோன்றி 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய 'பாக்ட்' உரத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி வேறு ரசாயன ஆலைகள் எழுந்தன. கொச்சித் துறைமுகமும் மட்டாஞ்சேரிச் சந்தையும் ஒரு பக்கம், பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகள் மறுபக்கம்.

ஒரு காலத்தில் இங்கே வெளி மாநிலத் தொழிலாளி என்றாலே தமிழர்தான். கொச்சி வாத்துருத்திக் குடியிருப்பும், போர்ட் கொச்சி வேளியில் உள்ள சலவைத் துறையும் அந்த நாளின் சாட்சிகள். இப்போது நிலைமை மாறிவிட்டது. குலாட்டி நிதி, வரி ஆய்வு நிலையம் 2013இல் கொடுத்த மதிப்பீட்டின்படி, கேரளத்தில் வேலை பார்க்கும் பிற மாநிலத்தார் 25 லட்சத்துக்கும் மேல். வங்காளி, ஒடியா, அசாமி, இந்தி பேசுவோர் பெருவாரியாக வந்திருக்கின்றனர். பெரும்பாவூரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர் காதில் மலையாளத்தை விட மற்ற மொழிகளே அதிகம் விழும்.

இவர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுக்க 2017இல் மாநில எழுத்தறிவு இயக்கம் 'சங்காதி' என்ற திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலும் வெளியிட்டது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் பேருந்தில் ஏற, கடையில் பேரம் பேசப் போதுமான மொழி வேறு. தூக்கம் கெட்டதையும் நெஞ்சு படபடப்பதையும் சொல்லும் மொழி வேறு. பின்னதை எவரும் தாய்மொழியில்தான் சொல்வர்.

வினாத்தாள் பிறந்த கதை

இந்த வினாத்தாள்களுக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான ராபர்ட் கராசெக். 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் எளியது. வேலைப் பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை. பளு அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் மன உளைச்சல் உச்சத்துக்குப் போகிறது. பெரிய அதிகாரிக்கும் வேலை மிகுதிதான். ஆனால் எதை முதலில் முடிப்பது என்பது அவர் கையில். அவருக்குக் கீழே உள்ள குமாஸ்தாவுக்கோ வேலையும் மிகுதி, உரிமையும் இல்லை. இந்த உண்மையை நம் காரியாலயங்களில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கராசெக்கின் அந்த முதல் ஆய்வே இரண்டு நாட்டுக் கணக்குகளை வைத்துச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1972இல் எடுத்த கணக்கு. ஸ்வீடனில் 1968, 1974 ஆண்டுகளில் எடுத்த கணக்கு. அதாவது, மொழி தாண்டி ஒப்பிடும் முயற்சி இத்துறையின் தொட்டிலிலேயே இருக்கிறது. பிறகு அவருடைய வினாத்தாள் பல மொழிகளுக்குப் போயிற்று. ஜெர்மனியில் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் வேறொரு கோணத்தை முன்வைத்தார்: உழைப்புக்கு ஏற்ற ஊதியமோ மதிப்போ எதிர்காலமோ கிடைக்காதபோது உடல் கெடுகிறது என்பது அவர் வாதம். டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் வினாத்தாளின் மூன்றாம் பதிப்பை 2019இல் கனடா, ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்வீடன், துருக்கி ஆகிய ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்தனர்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீவாஸ்தவா, சிங் இருவரும் 1980களின் தொடக்கத்தில் 46 கேள்விகள், 12 பிரிவுகள் கொண்ட ஒரு வினாத்தாளை அமைத்தனர். உதய் பரீக் 1983இல் 50 கேள்விகள் கொண்ட மற்றொன்றைத் தந்தார். இன்றும் நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றில் இவ்விரண்டும் கையாளப்படுகின்றன.

பெயரிலேயே தொடங்கும் சிக்கல்

நிற்க. அளக்க வேண்டிய பொருளுக்கே சரியான பெயர் இல்லாதபோது அளவு எப்படி அமையும்?

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. 1936இல் அவருடைய முதல் குறிப்பு வெளிவந்தது. அவருடைய தாய்மொழி ஆங்கிலம் அல்ல. பாரிஸில் பிரெஞ்சு மொழியில் சொற்பொழிவு செய்யப் போனபோது அதற்கு ஈடான பிரெஞ்சுச் சொல் கிடைக்காமல் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார். பௌதிகத்தில் சுமத்தப்படும் விசை வேறு, அதனால் பொருளில் உண்டாகும் மாற்றம் வேறு. நம் பள்ளிப் பாடநூல்கள் இவற்றைத் 'தகைவு', 'திரிபு' என்று பிரித்துக் காட்டுகின்றன. செல்யே பயன்படுத்திய சொல்லோ சுமைக்கும் பொருந்தியது, சுமையால் வந்த தளர்ச்சிக்கும் பொருந்தியது. தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் வேறு சொல்லைத் தேர்ந்திருக்கலாம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தமிழில் சிக்கல் இரட்டிப்பு. 'மன அழுத்தம்' என்று எழுதுகிறோம். அதே சொல்லை வேலைச் சுமைக்கும் சொல்கிறோம். மருத்துவர் மருந்து கொடுக்க வேண்டிய மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறோம். மலையாளத்தில் 'சம்மர்த்தம்' ஒன்று, 'விஷாதம்' வேறு என்று பிரிவினை ஓரளவு தெளிவாக இருக்கிறது. ஆகவே "உங்களுக்குச் சம்மர்த்தம் உண்டோ?" என்றால் மலையாளி தாராளமாக 'உண்டு' என்பார். "உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?" என்றால் தமிழர் ஒரு நிமிஷம் யோசிப்பார். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

'பிரஷர்' என்று ஆங்கிலத்திலேயே கேட்டால் பிரச்னை தீருமா? தீராது. "போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், பிரஷர் இல்லை" என்று ரத்த அழுத்தக் கணக்கைச் சொல்வார். உண்மையில் தமிழர், மலையாளி, இந்திக்காரர் மூவருக்கும் பொதுவாகப் புரியும் சொல் 'டென்ஷன்' ஒன்றுதான். ஆனால் அகராதியைப் பார்த்து மொழிபெயர்க்கும் பண்டிதர்கள் அதைத் தொடுவதில்லை.

அண்டை மொழியின் ஆபத்து

தமிழும் மலையாளமும் அக்காள் தங்கை. அதனாலேயே தனித் தமிழ்த் தாள் அச்சிடும் செலவு எதற்கு, மலையாளத் தாளையே படித்துக் காட்டினால் போதும், தமிழனுக்குப் புரியும் என்று நினைப்பவர் உண்டு. அங்கேதான் குழி இருக்கிறது.

மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. தமிழில் அது விரைவு. "வேலையில் உயர்வு பெற அவசரம் உண்டோ?" என்ற கேள்வி பதவி உயர்வுக்கு வழி இருக்கிறதா என்று கேட்கிறது. தமிழர் காதில் அது "உயர்வு பெற அவசரப்படுகிறீர்களா?" என்று விழும். "எனக்கு என்ன அவசரம், வருகிறபோது வரட்டும்" என்று அடக்கமாகச் சொல்வார். தாளில், 'முன்னேற வாய்ப்பு இல்லை' என்று பதிவாகும்.

'குழப்பம்' இன்னொன்று. தமிழில் அது தெளிவின்மை. மலையாளத்திலோ பொதுவாக எந்தத் தொந்தரவுக்கும் அச்சொல் வரும். "குழப்பமில்லா" என்றால் "பரவாயில்லை" என்று பொருள். தம் பொறுப்பு என்னவென்றே தெரியாமல் தவிக்கும் நிலையை இந்திய வினாத்தாள்கள் இரண்டுமே ஒரு தனிப் பிரிவாக அளக்கின்றன. அந்தப் பிரிவில் இந்தச் சொல் நுழைந்தால் மலையாளி ஒன்றுக்குப் பதில் சொல்வார், தமிழர் வேறொன்றுக்கு.

'சங்கடம்' மலையாளத்தில் துக்கம். தமிழில் தர்மசங்கடம் போன்ற இக்கட்டு. 'பனி' மலையாளத்தில் காய்ச்சல், "அடிக்கடி பனி வருமோ?" என்றால் ஊருக்குப் புதிதாய் வந்த தமிழர் மார்கழியை நினைப்பார். 'மடி' என்றால் மலையாளத்தில் வேலை செய்யத் தயக்கம், சோம்பல். திருக்குறளில் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் இன்றைய பேச்சுத் தமிழில் மடி என்பது குழந்தை உட்காரும் இடம் அல்லது ஆசாரம். பழந்தமிழ் படித்தவருக்குக் கேள்வி புரியும். மூட்டை தூக்குபவருக்குப் புரியாது.

இருபது முப்பது ஆண்டு இங்கே இருந்துவிட்ட தமிழருக்கு இவை பழக்கம்தான். ஆனால் வினாத்தாள், பழகியவரையும் போன மாதம் ரயில் ஏறி வந்தவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் 'தமிழ்' என்ற ஒரே பத்தியில் கூட்டிவிடுகிறது.

பதில் சொல்லும் பாங்கு

சொற்கள் எல்லாம் சரியாக அமைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு தடை உண்டு. பதில் சொல்லும் பாங்கு மொழிக்கு மொழி, இனத்துக்கு இனம் மாறுகிறது.

'முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்' என்று ஐந்து கட்டங்களில் ஒன்றை நிரப்பச் சொல்கிறது தாள். தமிழில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. முதுகு ஒடிய உழைப்பவர் "கொஞ்சம் கஷ்டந்தான்" என்பார். அந்தக் 'கொஞ்சம்' உண்மையில் 'மிக அதிகம்'. கேட்பவர் நம் ஊர்க்காரரானால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். கட்டம் புரிந்துகொள்ளாது.

"உங்கள் வேலையில் கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறதா?" என்பது இவ்வகை வினாத்தாள்களில் தவறாமல் வரும் கேள்வி. கேட்பவருக்கு அது சுமையின் அளவுகோல். நம்மவருக்கு உழைப்பு என்பது பெருமை. "உழைக்காமல் சோறு ஏது?" என்று மார்தட்டி 'ஆமாம்' என்பார். புகாரையும் பெருமிதத்தையும் அந்த 'ஆமாம்' பிரித்துச் சொல்வதில்லை.

எதிர்மறைக் கேள்வி மற்றொரு தொல்லை. "இரவில் தூக்கம் கெடுவதில்லையே?" என்றால், கெடாதவர் தமிழில் "ஆமாம், கெடுவதில்லை" என்பார். ஆங்கிலத்தில் அதே பதில் 'நோ' என்று வரும். விடைகளை இயந்திரம் போல் எண்ணும் குமாஸ்தாவிடம் இது சிக்கினால் நல்ல தூக்கம் கெட்ட தூக்கமாகிவிடும். வினாத்தாள் தயாரிப்போர் கவனமின்றிப் பதிலளிப்பவரைப் பிடிக்க வேண்டும் என்றே சில கேள்விகளைத் தலைகீழாக வைக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அந்தக் கண்ணி நேர்மையாகப் பதிலளிப்பவர் காலிலேயே மாட்டுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவில் 1977இல் வெளியான, மனச்சோர்வை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் ஜப்பானுக்குப் போயிற்று. அதில் நான்கு கேள்விகள் மகிழ்ச்சி, நம்பிக்கை பற்றியவை. தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்லிக்கொள்வது ஜப்பானியர் வழக்கமல்ல, அது அடக்கமின்மை. ஆகவே அந்த நான்கில் அவர்கள் மதிப்பெண் சரிந்து, அமெரிக்கரை விடச் சோர்ந்தவர்கள் போலக் காட்சியளித்தனர். நொபோரு இவாட்டா என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "ஏதோ ஓடுகிறது" என்று சொல்லும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது 'வழக்கம்' என்ற சொல். இங்கிலாந்தில் டேவிட் கோல்ட்பர்க் 1970களில் அமைத்த பொது உடல்நல வினாத்தாள், "வழக்கத்தை விட அதிகமாகக் கவலைப்பட்டீர்களா?" என்ற பாணியில் கேட்கிறது. அதன் 12 கேள்வி வடிவத்தைத் தமிழாக்கி, வேலூரில் நோயாளிகளிடம் சரிபார்த்து 1999இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் உருப்படியான கருவிகளில் அது ஒன்று. என்றாலும் மூலத்திலேயே ஒரு குறை உண்டு. பத்து வருஷமாகவே நிம்மதியாகத் தூங்காத ஒருவர் "வழக்கத்தை விட அதிகம் இல்லை" என்று உண்மையாகவே சொல்லலாம். கணக்கில் அவருக்குப் பூஜ்யம். துயரம் பழகிப்போனவரைச் சுகவாசி என்று காட்டும் அளவுகோல், ஊரை விட்டுப் பிழைக்க வந்தவருக்கு மிகப் பெரிய அநீதி செய்யக்கூடும்.

கேட்கப்படாத கேள்விகள்

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வேறு நாட்டில், வேறு தொழிலில் பிறந்த வினாத்தாள், அங்கே இல்லாத துன்பத்தைப் பற்றிக் கேட்காது.

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தை நோக்கி உலோக வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை; எடுக்காதவன் வீட்டில் அன்று பட்டினி. இந்த இழிவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டம் மூன்று தொழிலாளரைப் பலி கொண்டது. 2023இல் வந்த 'துறமுகம்' மலையாளப் படம் இதைத்தான் காட்டியது. வில்லை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்து நின்றவனின் நெஞ்சு துடித்த துடிப்பை எந்த வினாத்தாளில் எந்தக் கேள்வி பிடிக்கும்? இன்று வில்லை இல்லை. ஆனால் விடியற்காலையில் சாலைச் சந்திப்பில் கூலிக்குக் காத்து நிற்கும் கூட்டம் இருக்கிறது.

"உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு உண்டா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நிலைக்குமா என்று கேட்பதே மூலத்தின் நோக்கம். தமிழில் பாதுகாப்பு என்றால் வேலை நிலைப்பதும் அதுவே, உயிருக்கு ஆபத்து இல்லாததும் அதுவே. ரசாயன ஆலையில் நிரந்தரமாக இருப்பவர் வாயுக் கசிவை நினைத்து 'இல்லை' என்று எழுதலாம். அதே ஆலை வாசலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவர் கையுறையும் தலைக்கவசமும் கொடுத்ததை நினைத்து 'உண்டு' என்று எழுதலாம். நாளைக்கு வேலை இருக்குமா என்பதே தெரியாதவர் பாதுகாப்பாக இருப்பதாகவும், ஓய்வு பெறும் வரை வேலை உறுதியானவர் நடுங்கிக்கொண்டிருப்பதாகவும் கணக்கு காட்டும்.

ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள் கேட்ட உரிமை உட்காரும் உரிமை. கோழிக்கோட்டில் பெண்கள் நடத்திய இயக்கம் அதைப் பொதுப் பிரச்னையாக்கியது. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தர வேண்டும் என்றது. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. வெளிநாட்டில் பிறந்த வினாத்தாளில், "வேலை நேரத்தில் உட்கார அனுமதி உண்டா?" என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அந்தப் பெண்களின் மன பாரத்தில் பாதி அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அந்தப் பெண்களேதான்.

ஒப்பிடவே கூடாதா?

இவ்வளவையும் பார்த்துவிட்டு, மொழி கடந்த ஒப்பீடே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. கராசெக்கும் சகாக்களும் 1998இல் அமெரிக்கா, கனடா, நெதர்லாந்து, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை ஒப்பிட்டார்கள். நாட்டுக்கு நாடு இருந்த வேற்றுமையை விடத் தொழிலுக்குத் தொழில் இருந்த வேற்றுமையே பெரிதாகத் தெரிந்தது. கவனமாகச் செய்தால் ஒப்பீடு பலன் தரும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்நாடுகள் தொழில் வளம் பெற்றவை. பதில் சொன்னவர்கள் தாமே படித்து எழுதக்கூடியவர்கள். பெரும்பாவூர் ஒப்பந்தக் கூலிக்கு அந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது.

நெல் அளந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் படி, மரக்கால்; இங்கே நாழி, இடங்கழி, பறை. ஒரு பறைக்கு எத்தனை படி என்று தெரியாமல் பாலக்காட்டு விலையையும் பொள்ளாச்சி விலையையும் யாராவது ஒப்பிட்டிருப்பார்களா? வியாபாரி முதலில் இரண்டு அளவையும் ஒரே நெல்லில் வைத்துப் பார்ப்பான். வினாத்தாளுக்கும் அதே நியாயம்தான். ஒரே அளவு சுமை தாங்கும் தமிழரும் மலையாளியும் ஒரு கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்கிறார்களா என்று ஒவ்வொரு கேள்வியாகச் சோதிக்க வேண்டும். மாறிச் சொன்னால் குற்றம் ஆளிடம் இல்லை, கேள்வியிடம்.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய முறை ஒன்று பரவலாக வழங்குகிறது. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவார்; மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார்; இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போக வேண்டும். நல்ல முறைதான், ஆனால் போதாது. 'ஸ்ட்ரெஸ்' என்பது 'மன அழுத்தம்' ஆகி, 'மன அழுத்தம்' மறுபடியும் 'ஸ்ட்ரெஸ்' ஆகிவிடும். பண்டிதர் இருவரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். இடையில் தொழிலாளி அதை நோய் என்று படித்தது யாருக்கும் தெரியாது. ஆகவே, "இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று சில தொழிலாளரிடமே கேட்டுப் பார்ப்பது அவசியம்.

விடைத்தாள் யார் கையில்?

கடைசியாக ஒன்று. ஜப்பானில் 2015 டிசம்பர் முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை இந்தச் சோதனை சட்டப்படி நடக்கிறது. அங்கே பரவலாக வழங்கும் தாளில் 57 கேள்விகள். முடிவு நேராகத் தொழிலாளியிடம் போகிறது. அவர் சம்மதமின்றி முதலாளிக்குக் காட்டக்கூடாது. நம் நாட்டில் இப்படிப்பட்ட கட்டாயச் சோதனையும் இல்லை, அதற்கான காப்பும் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈய நச்சு, சிலிக்கா தூசி நோய் முதலியவை இடம்பெற்றன; மன உளைச்சல் இடம்பெறவில்லை.

காப்பு இல்லாத இடத்தில் நடக்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் தாளை வாசிக்கிறார். மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார். "ஒன்றும் குறையில்லை, சார்" என்று நம்மவர் சொல்கிறார். பதினைந்து நாளில் அறிக்கை வருகிறது: உள்ளூர்த் தொழிலாளருக்கு உளைச்சல் அதிகம், வெளி மாநிலத்தாருக்குக் குறைவு. அதைப் படிக்கும் நிர்வாகி என்ன முடிவெடுப்பார்? இவர்கள் தாங்குகிறார்கள், இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்றுதானே? வாய் திறந்து பேசத் தெரிந்தவனுக்கு ஓய்வும், பேசாதவனுக்குக் கூடுதல் சுமையும் கிடைக்க ஒரு வினாத்தாளே காரணமாகிவிடும்.

எனவே இத்தகைய தாள் வேலையிடத்துக்கு வரும்போது தொழிலாளரும் அவர்தம் சங்கங்களும் கேட்க வேண்டியவை சில உண்டு. தாள் அவரவர் தாய்மொழியில், பேச்சு வழக்குக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுபவர் அவர் மொழிக்காரராகவும், நிர்வாகத்துக்கோ ஒப்பந்தக்காரருக்கோ கட்டுப்படாதவராகவும் இருக்க வேண்டும். பெயர் எழுதக்கூடாது. மொழிவாரிக் கணக்கை வெளியிடுமுன் கேள்விகள் அந்தந்த மொழியில் சோதிக்கப்பட்டனவா என்று சொல்ல வேண்டும். முடிவைத் தொழிலாளருக்கும் படித்துக் காட்ட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

ஆலுவாவில் 1924இல் ஸ்ரீ நாராயண குரு தம் அத்வைத ஆசிரமத்தில் எல்லா மதத்தாரையும் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். வாதாடி வெல்ல அல்ல, பிறர் சொல்வதைக் கேட்டு அறிய என்பதே அதன் நோக்கமாக இருந்தது. அதே ஆற்றங்கரையில் இன்று பல மொழிக்காரர் கூடி வேலை செய்கின்றனர். அவர்கள் மனத்தில் இருப்பதை அறிய வேண்டுமானால், முதலில் அவர்கள் பேசும் சொல்லில் கேட்க வேண்டும். "கொஞ்சம் கஷ்டந்தான்" என்று ஒருவர் சொல்லும்போது, எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று பார்க்காமல், "என்ன கஷ்டம், சொல்லுங்கள்" என்று இன்னொரு முறை கேட்க ஒரு ஆள் வேண்டும்.